புயலுக்குக் கணக்கு எழுதியவர்

சில வருஷங்களுக்கு முன்பு நான் எழுதிய தொடர்கதை ஒன்றில் ஒரு புயல் வந்தது. கதாநாயகனைக் கரை சேர்க்க எனக்கு வேறு உபாயம் தோன்றவில்லை. ஆகவே புயலை வரவழைத்தேன். இரவு முழுவதும் கிழக்கே இருந்து காற்று அடித்தது. படகு நேரே மேற்கே போய்க் கரை தட்டியது. கதாநாயகியும் அங்கே தயாராக நின்றாள்.

அந்த அத்தியாயம் வெளியான பத்தாம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. எழுதியவர் வாழ்நாளெல்லாம் கடலில் பிழைத்து, இப்போது திண்ணையில் ஓய்ந்திருக்கும் ஒரு பெரியவர்.

"ஐயா, கதை நன்றாயிருக்கிறது. ஆனால் நீங்கள் புயலைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. 77-ஆம் வருஷப் புயலில் எங்களுக்கு முதலில் வாடை அடித்தது. நடுவில் காற்று செத்துப்போயிற்று. பிழைத்தோம் என்று வெளியே வந்தோம். அப்புறம் அடித்தது பாருங்கள் சோழகம், அதில்தான் கூரை போயிற்று. உங்கள் புயலில் காற்று திரும்பவே இல்லையே?"

வாடை என்றால் வடகாற்று; சோழகம் என்றால் தென்காற்று. வெட்கமாயிருந்தது. காற்று திரும்பும் என்பதை முதலில் கண்டு சொன்னவர் யார் என்று தேட ஆரம்பித்தேன். தேடல் என்னைக் கல்கத்தாவில் கொண்டுபோய் விட்டது.

கல்கத்தாவுக்குப் போகுமுன் அமெரிக்காவில் ஒரு நிமிஷம் நிற்கவேண்டும். 1821-ல் கனெக்டிகட் பிரதேசத்தில் ஒரு பெரும்புயல் அடித்து ஓய்ந்தது. ரெட்ஃபீல்டு என்பவர், சேணம் தைக்கும் தொழில் கற்றவர், அவ்வழியே பிரயாணம் செய்தார். ஓரிடத்தில் மரங்களெல்லாம் ஒரு திசையைப் பார்த்து விழுந்து கிடந்தன; சில பத்து மைல்களுக்கு அப்பால் அதற்கு எதிர்த் திசையில் விழுந்து கிடந்தன. ஒரே புயல்தான். அப்படியானால் காற்று நேர்க்கோட்டில் ஓடவில்லை, சக்கரம்போல் சுழன்றுகொண்டே நகர்ந்திருக்கிறது! 1831-ல் இதை அவர் எழுதி வெளியிட்டார். அதே வருஷம் பார்படோஸ் தீவைப் புயல் நாசம் செய்தது. திரும்பக் கட்டுவதற்காக அனுப்பப்பட்ட ரீட் என்ற ராணுவ எஞ்ஜினீயர், கட்டுவதோடு நில்லாமல் புயல்களைப் பற்றி ஆராய்ந்து 1838-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

அந்தப் புத்தகம் கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் என்பவர் கையில் கிடைத்தது. நம் கதாநாயகர் இவர்தான்.

பிடிங்டன் வியாபாரக் கப்பல்களில் காப்டனாக இருந்து கரையேறியவர். கடல் விபத்துகளை விசாரிக்கும் நீதிமன்றத்துக்குப் பிற்காலத்தில் தலைவரானார். ஒவ்வொரு கப்பலிலும் லாக் புத்தகம் என்று ஒன்று உண்டு. எத்தனை மணிக்கு எந்தத் திசையிலிருந்து காற்று, பாரோமீட்டர் எவ்வளவு இறங்கியது, எந்தப் பாய் கிழிந்தது என்று அதில் எழுதிக்கொண்டே போவார்கள். கப்பல் மூழ்கும் தறுவாயிலும் எழுதுவார்கள். நம் வீட்டுக் கணக்கை நாம் அவ்வளவு ஒழுங்காக எழுதுவதில்லை!

வங்காள விரிகுடாவிலும் இந்து மகாசமுத்திரத்திலும் அடிபட்டுத் துறைமுகம் சேர்ந்த கப்பல்களின் லாக் புத்தகங்களை பிடிங்டன் கேட்டு வாங்கினார். ஒரு கடல்படத்தை விரித்து, குறிப்பிட்ட நாளில் இன்ன கப்பல் இங்கே நின்றது, அதற்குக் காற்று இந்தத் திசையில் என்று அம்புக்குறி போடுவார். ஒரு கப்பலின் அம்பு ஒன்றும் சொல்லாது. ஏழெட்டுக் கப்பல்களின் அம்புகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வளையம் தெரியும். வளையத்தின் நடுவே புயலின் மையம். மறுநாள் அம்புகளைப் போட்டால் வளையம் நகர்ந்திருக்கும். இப்படியாக, எந்த மனிதனும் முழுசாகக் கண்ணால் காணாத ஒன்றின் நடமாட்டத்தை ஒரு மேஜைமீது அவர் வரைந்தார். வங்காள ஆசியச் சங்கத்தின் பத்திரிகையில் இருபதுக்கு மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார்.

அவர் கைக்கு வந்தவற்றுள் 'சார்லஸ் ஹெட்டில்' என்ற சிறு கப்பலின் லாக் புத்தகம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 1845 பிப்ரவரியில் மொரீஷியஸை விட்டுக் கிளம்பிய அது புயலில் மாட்டிக்கொண்டது. காற்றுக்கு முதுகைக் காட்டி ஓடுவதுதான் தப்பும் வழி என்று காப்டன் ஓடவிட்டார். ஐந்து நாள், ஆயிரம் மைலுக்கு மேல் ஓடினார். பிடிங்டன் அந்தக் கணக்கைப் படத்தில் போட்டுப் பார்த்தபோது, கப்பல் புயலின் மையத்தை ஐந்து முறை பிரதட்சிணம் செய்திருந்தது! ஓடி ஓடி, எதனிடமிருந்து ஓடினாரோ அதனையே சுற்றிவந்திருக்கிறார் அந்தக் காப்டன். நாவலாசிரியன் இப்படி எழுதினால் யாராவது நம்புவார்களா?

1848-ல் பிடிங்டன் மாலுமிகளுக்காக ஒரு புத்தகம் வெளியிட்டார். அதற்கு 'ஹார்ன் புக்' என்று பெயர். முற்காலத்தில் இங்கிலாந்தில் குழந்தைகளின் அரிச்சுவடியைக் கொம்புத் தகட்டால் மூடியிருப்பார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர். மாலுமியின் அரிச்சுவடி என்று வைத்துக்கொள்ளலாமே! இவரும் கண்ணாடிபோல் மெலிந்த கொம்புத் தகடுகளில் காற்றின் வட்டத்தை வரைந்து புத்தகத்தோடு கொடுத்தார். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒரு தகடு, தெற்கே ஒரு தகடு. ஏனென்றால் வடக்கே புயல் இடஞ்சுழியாகவும் தெற்கே வலஞ்சுழியாகவும் சுற்றும். கடல்படத்தின்மேல் தகட்டை நகர்த்திப் பார்த்தால் மையம் எந்தப் பக்கம், எந்தப் பக்கம் விலக வேண்டும் என்று தெரிந்துவிடும். சுழலும் காற்றுக்கு அவர் வைத்த பெயர் 'சைக்ளோன்'. பாம்பின் சுருளையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். நம் 'புயல்' என்ற சொல்லோ பழந்தமிழில் மேகத்தைக் குறித்தது. சாதுவாக இருந்த சொல் பிற்காலத்தில்தான் கெட்டுப்போயிற்று.

இவ்வளவும் தெரிந்த மனிதரின் பேச்சைச் சர்க்கார் கேட்டதா என்றால், அதுதான் இல்லை.

ஹூக்ளி நதி மணல் தூர்ந்து வந்தது. கல்கத்தாவுக்கு மாற்றாக, மாத்லா என்னும் ஆற்றங்கரையில், சுந்தரவனக் காட்டோரம் ஒரு புதிய துறைமுகம் கட்டத் திட்டமிட்டார்கள். 1853-ல் பிடிங்டன், கவர்னர் ஜெனரல் டல்ஹவுஸி பிரபுவுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். புயல் வெறும் காற்றல்ல, அது கடலையே தூக்கிக்கொண்டு வரும். விரிகுடாவின் தலைமாட்டில் ஆழம் குறைவு, வந்த தண்ணீருக்குப் போக இடமில்லை. அங்கே ஊர் வைத்தால் ஒருநாள் உப்புநீர் அதன்மேல் புரளும் என்று எச்சரித்தார். கிழவருக்குப் புயல் பைத்தியம் என்று நினைத்தார்களோ என்னவோ! துறைமுகம் எழுந்தது. அடுத்த கவர்னர் ஜெனரலின் பெயரால் போர்ட் கானிங் என்று அழைத்தார்கள். ரயில் பாதையும் போட்டார்கள். பிடிங்டன் 1858-ல் காலமானார்.

1864 அக்டோபர் 5-ந் தேதி கல்கத்தாவைப் புயல் தாக்கியது. சுமார் 60,000 பேர் மாண்டார்கள். அதன் பிறகும் போர்ட் கானிங்கை விட்டுவிட மனம் வரவில்லை. 1867 நவம்பர் 1-ந் தேதி, கடிதம் எழுதிப் பதினான்கு வருஷம் கழித்து, புயல் நேரே அங்கே வந்தது. கடல் ஊருக்குள் புகுந்தது. சில வருஷங்களில் துறைமுகத்தைக் கைவிட்டுவிட்டார்கள்.

கல்கத்தா அழிவுக்குப் பின் சர்க்கார் கண் திறந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1865-ல் அந்தத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. 1875-ல் இந்திய வானிலை இலாகா பிறந்தது. பிறகு கம்பியில்லாத் தந்தி வந்தது. அதில் ஒரு வேடிக்கை: கப்பல்களுக்குச் செய்தி கிடைத்தவுடன் அவை புயலை விட்டு விலகி ஓடின, விலகி ஓடியதால் புயலுக்குள்ளிருந்து சேதி சொல்ல ஆள் இல்லாமற் போயிற்று! 1943-ல் டெக்ஸாஸ் கரையோரம் ஒரு விமானி துணிந்து விமானத்தைப் புயலுக்குள்ளேயே ஓட்டிச் சென்று திரும்பினார். 1960-ல் டைரோஸ் என்ற செயற்கைக் கோள் மேலேறி மேகங்களைப் படம் பிடித்தது. பிடிங்டன் அம்பு அம்பாகச் சேர்த்துப் போட்ட வளையத்தை இனி மேலிருந்து முழுசாகவே பார்க்கலாம். இன்று நம் கடல்களைப் புது டில்லியும், அட்லாண்டிக்கை மயாமியும், பசிபிக்கின் மேல்பாகத்தை டோக்கியோவும் காவல் காக்கின்றன. 'சார்லஸ் ஹெட்டில்' சுற்றிய கடலுக்கு, மொரீஷியஸுக்குப் பக்கத்துத் தீவான ரீயூனியனில் காவல்.

ஆனால் மேலே கண் திறந்து நாலு வருஷம் கழித்துத்தான், 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. நூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். 1970-ல் கிழக்கு வங்காளத்தை அழித்த புயலைச் செயற்கைக் கோள் பார்த்தது. கீழே தீவுகளில் இருந்தவர்களுக்குச் சேதி சரியாகப் போய்ச் சேரவில்லை. மாண்டவர்கள் மூன்று லட்சத்துக்குக் குறையாது என்கிறார்கள். 1999-ல் ஒரிஸாவில் சுமார் பதினாயிரம் பேர் போனார்கள். அதே கரைக்கு 2013-ல் ஒரு கடும்புயல் வந்தபோது, முன்கூட்டியே பத்து லட்சம் பேர்வரை அப்புறப்படுத்தினார்கள்; இறந்தவர்கள் ஐம்பதைத் தாண்டவில்லை.

என் கதை புத்தகமாக வந்தபோது அத்தியாயத்தைத் திருத்தினேன். முதலில் வாடை, பிறகு ஓய்வு, பிறகு சோழகம். பெரியவருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். மறு தபாலில் கார்டு வந்தது.

"ஐயா, காற்று இப்போது சரி. ஆனால் துறைமுகத்தில் காலையிலேயே கூண்டு ஏற்றியிருப்பார்களே, அதைப் பார்த்துக்கொண்டே உங்கள் பையன் ஏன் படகை இறக்கினான்?"

அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.