கொட்டகை நகர்கதவு: வரலாறும் வீட்டுப் பயன்பாடும்

கொட்டகை நகர்கதவு என்பது கீலில் திறக்காமல், வாசலுக்கு மேலே சுவரில் பொருத்திய இரும்புத் தண்டவாளத்தில் உருளைகளால் தொங்கிப் பக்கவாட்டில் நகரும் கதவாகும். ஆங்கிலத்தில் இதனைப் 'பார்ன் டோர்' என்பர். தானியமும் உலர்புல்லும் சேமித்து, கால்நடைகளையும் கட்டிவைக்கும் பெரிய மரக் கொட்டகையே 'பார்ன்'. ஐக்கிய அமெரிக்காவின் பண்ணைகளில் பரவிய இக்கதவு, அண்மைக் காலத்தில் அந்நாட்டு வீடுகளின் உள்ளறைகளுக்கும் வந்துவிட்டது.

தொடக்கத்தில் அமெரிக்கக் கொட்டகைகளுக்கும் கீல் கதவுகளே இருந்தன. நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறிய ஆங்கிலேயர் கட்டிய கொட்டகையின் நடுவில் கதிரடிக்கும் களம் இருந்தது. அதன் இரு முனைகளிலும் எதிரெதிராகப் பெரிய வாசல்கள். இரண்டையும் திறந்துவிட்டால் காற்று ஊடே வீசும், தூற்றும்போது பதர் பறந்துவிடும். ஆனால் பாரவண்டி நுழையுமளவு அகலமான கதவு, நாளடைவில் தன் எடையாலேயே கீலை இழுத்துக்கொண்டு தொய்ந்துவிடும். பலத்த காற்றில் அறைந்து உடையும். பனிக்காலத்திலோ, வாசலில் குவிந்த பனியை வாரி ஒதுக்கிய பிறகே வெளிப்புறமாகத் திறக்க இயலும். சுவரையொட்டி நகரும் கதவுக்கு இத்தொல்லைகள் குறைவு. எனினும் அதற்குச் சீரான தண்டவாளமும் வார்ப்பிரும்பு உருளைகளும் வேண்டும். தொழிற்சாலைகளிலிருந்து அவை மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் நகர்கதவு பரவலாயிற்று.

அயோவா மாநிலம் ஃபேர்ஃபீல்டைச் சேர்ந்த வில்லியம் லவுடன், கூரைக்கடியில் தண்டவாளம் அமைத்து உலர்புல்லைத் தூக்கிச் செல்லும் கருவிக்கு 1867இல் காப்புரிமை பெற்றார். கொட்டகைக் கதவுகளுக்கான தொங்கு உருளைகளையும் அவரது நிறுவனம் விற்றது. பனியும் பறவைக் கூடுகளும் அடைக்காதபடி மூடிய தண்டவாளங்களும் பின்னர் வந்தன.

இதே அமைப்பு ஆலைகளில் உயிர்காக்கும் பணியைச் செய்தது. ஆலைகளின் தீத்தடுப்புச் சுவர்களில் இருந்த வாசல்களுக்கு, மரப்பலகைமீது தகரம் போர்த்திய நகர்கதவுகளைப் பொருத்தினர். வெறும் இரும்புக் கதவு வெப்பத்தில் வளைந்துவிடும். தகரத்துக்குள் காற்றுப் புகாத மரமோ மெதுவாகவே கருகும். தண்டவாளம் சரிவாக இருக்கும். கதவை மேட்டில் திறந்தபடி நிறுத்த எதிரெடை ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு, இடையில் எளிதில் உருகும் உலோகக் கண்ணி ஒன்றை வைத்தனர். வெப்பம் சுமார் 74 பாகை செல்சியசை எட்டியதும் கண்ணி உருகும், எதிரெடை விழும், கதவு தானே உருண்டு மூடிக்கொள்ளும். மின்சாரமோ ஆளோ தேவையில்லை என்பது வியக்கத்தக்கது.

நியூயார்க் நகரின் சோஹோ பகுதியில் காலியான ஆலைத் தளங்களில் கலைஞர்கள் குடியேறினர். 1971இல் நகர நிருவாகம் அதற்குச் சட்ட ஏற்பு அளித்தது. அத்தகைய தளங்களில் எஞ்சியிருந்த தகரக் கதவுகள் அழகுப்பொருளாகப் பார்க்கப்பட்டன. 2013இல் தொடங்கிய 'ஃபிக்சர் அப்பர்' என்னும் தொலைக்காட்சித் தொடர், பண்ணைவீட்டுப் பாணியை நாடெங்கும் பரப்பியது. இடிந்த கொட்டகைகளின் பழைய பலகைகளுக்குப் புதுப்பலகையைவிடக் கூடுதல் விலை கிடைக்கலாயிற்று என்பது இதில் ஒரு வேடிக்கை.

கொட்டகைக் கதவின் வேலை வண்டிக்கு வழிவிடுவது; காற்றை அடைப்பதன்று. வீட்டில் அது எங்கே பொருந்தும் என்பதை இதைக்கொண்டே அறியலாம். கதவுக்கும் சுவருக்கும் இடையில் விரற்கடை அளவு இடைவெளி எப்போதும் இருக்கும். ஒலி, மணம், வெளிச்சம் மூன்றும் அதன்வழியே கசியும். ஆகவே உக்கிராண அறை, துணி துவைக்கும் அறை, சமையலறைக்கும் கூடத்துக்கும் இடைப்பட்ட வாசல் ஆகியவற்றுக்கு இது நன்று, கழிவறைக்கு நன்றன்று. கதவு விரிய இடம் தேவைப்படாததால் சக்கர நாற்காலியில் செல்வோருக்கு வசதி. ஆனால் கைப்பிடி நிலையில் இடித்துக் கதவு முழுதும் திறக்காமல் நின்றால், செல்லும் வழி குறுகிவிடும். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி, பொதுக் கட்டடங்களில் குறைந்தது 32 அங்குல வழி வேண்டும்.

படுக்கையறைக்கு வேறொரு கேள்வியும் உண்டு. இரவில் அறைக்கதவைச் சாத்திவிட்டு உறங்குமாறு அந்நாட்டுத் தீயணைப்புத் துறையினர் அறிவுறுத்துகின்றனர். நன்கு மூடிய கதவு புகையையும் வெப்பத்தையும் சிறிது நேரமேனும் தடுக்கும். ஆலைக் கதவுகள் சுவரோடு இறுகப் பொருந்துமாறு ஆப்புகள் வைத்துச் செய்யப்பட்டவை. கடையில் வாங்கும் வீட்டுக் கதவு தோற்றத்தில் மட்டுமே அவற்றுக்கு உறவு.

சுவரையும் பார்க்கவேண்டும். 3 அடி அகலக் கதவுக்குப் பக்கத்தில் 3 அடிக்கு மேல் வெற்றுச் சுவர் தேவை. அங்கே மின்விசைப் பலகையோ படமோ இருத்தல் ஆகாது. அமெரிக்க வீடுகளின் உட்சுவர் பெரும்பாலும் ஜிப்சம் பலகையால் ஆனது, கனத்த மரக்கதவைத் தாங்காது. எனவே சுவருக்குள் நிற்கும் மரச்சட்டங்களோடு தடித்த பலகை ஒன்றைத் திருகாணியால் இறுக்கி, அதன்மீதே தண்டவாளத்தைப் பொருத்துவர். கதவு ஊசலாடாதிருக்கத் தரையில் ஒரு வழிகாட்டியும், தண்டவாளத்தின் இரு முனைகளிலும் தடுப்புகளும் வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இவற்றை விட்டுவிடக் கூடாது.