புதன்கிழமை ஊசிக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அமெரிக்காவில் குடும்பமாக இருக்கிறார்கள். பேரன் பேத்திகளின் தடுப்பூசிக்கு அங்கே இன்சூரன்ஸ் தொடர்ந்து பணம் தருமா என்பது இப்போதைய பேச்சு. 2010-ல் வந்த சட்டப்படி, அரசின் ஆலோசனைக் குழு பரிந்துரைக்கும் ஊசிகளுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணம் வாங்கக் கூடாது. 2025 ஜூனில் அந்தக் குழுவின் 17 பேரையும் நீக்கிவிட்டுப் புதியவர்களைப் போட்டார்கள். பரிந்துரைகளும் மாறத் தொடங்கின. 2026 முடியும் வரை பழைய பட்டியலுக்கே பணம் தருவோம் என்று காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு?

நம் பக்கம் கதையே வேறு. இங்கே குழந்தைகள் ஊசிக்கு இன்சூரன்ஸ் பெரும்பாலும் கிடையாது. 2009-ல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 முதல் நடக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கானவை. நோய் வந்தால் உதவும். வராமல் தடுக்கும் ஊசிக்கு உதவாது. அந்தச் செலவை அரசு நேரடியாக ஏற்றது.

1985-ல் அனைவருக்கும் தடுப்பூசித் திட்டம் வந்தபோது ஆறு நோய்கள்: காசநோய், தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, போலியோ, தட்டம்மை. பிறகு புதுப்புது ஊசிகள் வந்தன. குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைத்தார்கள். ஆனால் அரசுப் பட்டியலில் ஏறும்வரை, காசு உள்ளவர்கள் தனியார் கிளினிக்கில் போட்டுக்கொண்டார்கள். சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் போகும் தாய்மார்களுக்கு ஒரு தவணை ஊசியே பல நாள் கூலி.

ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் முதலில் இலவசமானது. நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி 2017-ல் சில வடமாநிலங்களுக்குப் போய், நம்மிடம் 2021 ஜூலையில்தான் வந்தது. தனியாரில் அதன் மூன்று தவணைக்கும் பல ஆயிரம் ரூபாய் ஆகும். மூளைக்காய்ச்சல் ஊசியோ எல்லா மாவட்டத்துக்கும் கிடையாது. நம் விருதுநகர் மாவட்டத்துக்கு உண்டு.

அங்கே பட்டியல் சுருங்குமோ என்று பயம். இங்கே பட்டியல் நீளக் காத்திருந்த வருஷங்கள்தான் இழப்பு. பரிந்துரை எழுதினால் மட்டும் போதாது. யாராவது பணம் கட்டினால்தான் ஊசி குழந்தையின் கைக்கு வரும். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓசியில் கிடைக்கிறதே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். அட்டையில் விட்டுப்போன தவணை இருந்தால் இந்த வாரமே கூட்டிப் போங்கள்.