மந்திரத் தோட்டாவும் பெரியப்பாவின் காதும்

என் பெரியப்பாவை 1970களில் சயரோகத்திலிருந்து மீட்டது ஸ்ட்ரெப்டோமைசின். எங்கள் வீட்டில் யாரும் அதை அப்பெயரால் அழைத்ததில்லை, ‘டி.பி. ஊசி’ என்பார்கள். நாள்தோறும் போடப்பட்ட அந்த ஊசி அவருடைய நுரையீரலைக் காப்பாற்றியது. ஆனால் ஊசிக் காலம் முடிவதற்குள்ளேயே காதுக்குள் சில்வண்டு கத்துவதாகச் சொல்லத் தொடங்கினார். பிறகு சில்வண்டும் ஓய்ந்தது. எங்கள் குரல்களும் அவருக்குக் கேட்காமற் போயின. நான் அறிந்த பெரியப்பா, எதிரிலிருப்பவரின் உதடுகளைப் பார்த்துப் பேசுகிறவர். உயிரைக் கொடுத்த மருந்து செவியை ஏன் எடுத்துக்கொண்டது என்று கேட்டால் ‘தலையெழுத்து’ என்பதே வீட்டில் கிடைத்த விடை. நான் தமிழ் இலக்கியம் பயின்றவன். உயிரியலைப் பிற்காலத்தில் தட்டுத் தடுமாறிக் கற்றவன். அந்த விடையில் மனம் நிறையாமல் தேடியபோது கிடைத்த வரலாற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வரலாறு சாயத்தில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக், சில சாயங்கள் சில உயிரணுக்களை மட்டும் பற்றிக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவதைக் கவனித்தார். 1884-இல் டென்மார்க்கைச் சேர்ந்த கிராம் உருவாக்கிய சாயமுறையும் பாக்டீரியாக்களையே இரண்டு கூட்டமாகப் பிரித்துக் காட்டிற்று. சாயம் தேர்ந்து பற்றுமெனில் நஞ்சும் தேர்ந்து பற்றாதா என்பது எர்லிக்கின் கேள்வி. நோயாளியை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் வீழ்த்தும் பொருளுக்கு அவர் ‘மந்திரத் தோட்டா’ என்று பெயரிட்டார். அவருடைய ஆய்வகத்தில் 1909-இல் ஜப்பானியரான ஹாட்டா சோதித்துக் கண்ட 606-ஆம் சேர்மம், சால்வர்சான் என்ற பெயரில் மேகநோய்க்கு மருந்தாயிற்று. அது ஆர்செனிக் கலந்த பொருள். கிருமியோடு நோயாளியையும் ஓரளவு வருத்தவே செய்தது. தோட்டாவுக்கு இன்னும் குறி சரியாகப் படியவில்லை.

குறி படிய வேண்டுமானால் இலக்கு வேறு, நாம் வேறு என்றிருக்க வேண்டும். அந்த வேற்றுமைக்கு இன்று வழங்கும் பெயர்களை 1925-இல் பிரெஞ்சு உயிரியலாளர் ஷாட்டோன் ஆக்கினார். ‘கார்யோன்’ என்றால் கிரேக்கத்தில் கொட்டைக்குள்ளிருக்கும் பருப்பு. உட்கருவைத் தனிச் சவ்வுக்குள் பொதிந்து வைத்திருப்பது யூகேரியோட். செடியும் ஆடும் நாமும் அதில் அடக்கம். அப்படியொரு பருப்பு உருவாவதற்கு முந்தைய நிலையிலிருப்பது புரோகேரியோட்; பாக்டீரியா அவ்வகை. பெயரிட்டவரை நெடுங்காலம் யாரும் பொருட்படுத்தவில்லை. ஸ்டானியர், வான் நீல் ஆகிய இருவரும் 1962-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே அப்பிரிவு நிலைபெற்றது.

அதாவது, உயிரியல் இந்த எல்லையைத் தெளிவாக வரையுமுன்பே மருந்துகள் அதைக் கண்டுகொண்டுவிட்டன. ஃபிளெமிங் 1928-இல் பூஞ்சையிலிருந்து கண்ட பென்சிலின், பாக்டீரியா தன்னைச் சுற்றி எழுப்பும் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. சுவர் பலவீனமுற்ற பாக்டீரியா உள்ளழுத்தம் தாங்காமல் வெடிக்கிறது. நம் உயிரணுக்களுக்குச் சவ்வு உண்டு, சுவர் இல்லை. இடிக்கச் சுவரே இல்லாத வீட்டில் கடப்பாரைக்கு என்ன வேலை? 1930களில் வந்த சல்பா மருந்துகளின் வழி வேறு. பாக்டீரியா தனக்கு வேண்டிய ஃபோலிக் அமிலத்தைத் தானே சமைத்துக்கொள்கிறது. சல்பா அந்த அடுப்பை அணைக்கிறது. நாமோ அதை உணவிலிருந்து பெறுகிறவர்கள். (அந்த ஃபோலிக் அமிலத்தைப் பின்னர் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ்.)

ஸ்ட்ரெப்டோமைசினின் கதை சற்று வேறுபட்டது. அமெரிக்காவின் ரட்கர்ஸில், 1943 அக்டோபரில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது ஆய்வு மாணவர் மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். 1952-இல் நோபல் பரிசு அவருடைய பேராசிரியர் வாக்ஸ்மனுக்கு மட்டுமே சென்றது. அதற்கு முன்பே மாணவர் ஆசிரியர் மீது வழக்குத் தொடுத்து, இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற தகுதியைப் பெற்றிருந்தார். கல்லூரியில் ஆய்வு நெறியாளராக இருப்பவர்கள் இதை ஒருமுறை படித்துவைப்பது நல்லது. காசநோயை அடக்கிய முதல் உயிர்எதிரி மருந்து இதுவே. ஆயினும் முதல் நோயாளிகளிடமே தலைச்சுற்றலும் நடைத் தடுமாற்றமும் காணப்பட்டன. நஞ்சு குறையுமென்று நம்பி மூலக்கூற்றைச் சற்று மாற்றி ஆக்கிய டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசினோ செவியை முன்னதைவிட அதிகமாகக் கெடுத்தது.

இம்மருந்து தாக்குவது சுவரை அன்று. புரதங்களைக் கோக்கும் தறியாகிய ரைபோசோமை. தறி எல்லா உயிருக்கும் உண்டு. பாக்டீரியாவினுடையது 70எஸ் எனவும் நம்முடையது 80எஸ் எனவும் குறிக்கப்படும். அளவிலும் உறுப்புகளிலும் வேற்றுமை உண்டு. சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் குழு, பாக்டீரிய ரைபோசோமின் சிறு பகுதியில் ஸ்ட்ரெப்டோமைசின் எங்கே சென்று அமர்கிறது என்பதை 2000-இல் அணு அணுவாகக் காட்டியது. ரைபோசோம் ஆய்வுக்காக 2009-இல் அவருக்கும் ஸ்டைட்ஸ், யோனாத் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் நமக்குத் தீங்கு வரக்கூடாதே? இங்கேதான் வரலாறு திரும்புகிறது. 1967-இல் லின் மார்குலிஸ், பல இதழ்கள் மறுத்த பின் அச்சேறிய ஒரு கட்டுரையில், நம் உயிரணுவுக்குள் ஆற்றல் வழங்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒருகாலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்களே என்று வாதிட்டார். விழுங்கப்பட்டவை செரிக்கப்படாமல் குடியிருந்துவிட்டன. பின்னர் மரபணுச் சான்றுகள் இதை உறுதிசெய்தன. அக்குடியினர் தம் பழைய தறியையும் உடன் கொண்டுவந்திருக்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் நம்முடைய 80எஸ் வகையன்று, பாக்டீரியத்தின் உறவு. குளோராம்பெனிக்கால் எலும்பு மஜ்ஜையின் வேலையை மந்தப்படுத்துவதும் இவ்வுறவினால்தான். எர்லிக்கின் தோட்டாவுக்கு வரைந்த எல்லைக்கோடு நமக்கு வெளியே ஓடவில்லை. நம் உயிரணுக்களுக்குள்ளேயே ஓடுகிறது.

செவி கெடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. உட்செவியின் மயிரணுக்கள் ஒருமுறை மடிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் 1993-இல் வெளியான ஓர் ஆய்வு இவ்வுறவின் நேரடிச் சான்றை அளித்தது. மைட்டோகாண்ட்ரிய மரபணுத்தொகுதியில் 1555-ஆம் இடத்தில் ஓரெழுத்து மாறியிருப்பவர்களுக்கு இவ்வகை மருந்துகள் குறைந்த அளவிலேயே செவியைப் பறித்துவிடும். காரணம், அந்த ஒரெழுத்துப் பிழை அவர்களுடைய ரைபோசோமைப் பாக்டீரியத்தின் சாயலுக்கு இன்னும் நெருக்கமாக்கிவிடுகிறது. பாடபேதம் பார்த்துப் பழகிய எனக்கு, ஓரெழுத்தால் பொருள் மாறுவது புதிதன்று. ஓரெழுத்தால் காது போகும் என்பது புதிது.

மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவது. பெரியப்பாவிடம் அப்பிழை இருந்ததா என்று யாரும் சோதித்ததில்லை. இனிச் சோதிக்க அவர் இல்லை. இருந்திருந்தால் அது என் பாட்டியிடமிருந்து வந்திருக்கும். என் அப்பாவிடமும் இருந்திருக்கும், ஆனால் அப்பா வழியாக எனக்கு வந்திராது. அத்தைக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் வந்திருக்கும். அத்தை மகளின் பிள்ளைகளுக்கும்.

2018-இல் உலக சுகாதார நிறுவனம், மருந்துக்கு மசியாத காசநோய்க்கு இவ்வகை ஊசியான கானமைசினைக் கைவிடப் பரிந்துரைத்தது. எனினும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஜென்டாமைசின், பிறந்த குழந்தைகளின் கிருமித்தொற்றுக்கு இன்றும் பயன்படுகிறது. அது காக்கும் உயிர்கள் பல. மான்செஸ்டரில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வொன்றில், குழந்தையின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுத்து, 26 நிமிடங்களில் 1555-ஆம் எழுத்தைப் படித்துவிட்டார்கள். அத்தை மகளுக்குச் சென்ற மாதம் பேத்தி பிறந்தாள், மகள் வயிற்றில். தொலைபேசியில் வாழ்த்திய கையோடு, எப்போதாவது குழந்தைக்கு ஊசி போட நேர்ந்தால் பெரியப்பாவின் காதைப் பற்றி மருத்துவரிடம் முதலில் சொல்லிவிடுமாறு கேட்டுக்கொண்டேன். ‘அது தலையெழுத்துன்னுல்ல பாட்டி சொல்லும்’ என்றாள்.