கொள்ளைநோய்க் காலக் காவலரும் உளச்சோர்வும்: வேலூர், ஆம்பூர்த் தோல்தொழில் வட்டாரம்

காவலர் உறங்காதவர், தளராதவர் என்னும் கருத்துத் தமிழகத்தில் மிகப் பழைமையானது. மதுரைக்காஞ்சி கூறும் ஊர்காப்பாளர், பெருமழை பெய்யும் நள்ளிரவிலும் சோர்விலராய்த் தெருச் சுற்றுவர். ஆண்டுச் சோர்வின்மை ஒரு புகழ். ஆங்கிலேயர் ஆட்சியில் அஃது ஒரு விதியாயிற்று. சென்னை மாகாணத்திற்கெனக் காவல் சட்டம் 1859இல் இயற்றப்பட்டது. அதனையடுத்து எழுந்த 1861ஆம் ஆண்டு இந்தியக் காவல் சட்டத்தின் 22ஆம் பிரிவு, காவல் அலுவலர் எப்பொழுதும் பணியிலிருப்பவராகவே கருதப்படுவர் என்று உரைக்கின்றது. புகழ் விதியான இம்மாற்றம், 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் காவலர் நிலையை ஆராய்வார் முதற்கண் நோக்கற்பாலது.

நோய்த் தடுப்பைக் காவலர் கையில் வைத்ததும் அந்நூற்றாண்டே. பம்பாயில் பிளேக் பரவியபின் 1897இல் வந்த கொள்ளைநோய்ச் சட்டம் நான்கே பிரிவுகளுடையது. ஆணையிடும் அதிகாரமும், மீறுவோர்க்குத் தண்டனையும், நன்னோக்கொடு செயல்பட்டோர்க்கு வழக்கிலிருந்து பாதுகாப்பும் அதில் உள. ஆணையைத் தெருவில் நிறைவேற்றுவோர் எத்தனை மணி நேரம் நிற்றல் வேண்டும் என்பது இல்லை. அவ்வாண்டே பூனாவில் பிளேக் அலுவலர் ராண்டு சுடப்பட்டார். நோய்க்கால ஆணைகளின் மீதெழும் சினம் யார்மேல் இறங்கும் என்பதற்கு அது சான்று.

இச்சட்டமே 2020இலும் கையாளப்பட்டது. ஆனால் நம் வட்டாரத்தில் அதன் சுமை தனித்தன்மையுடையது. பாலாற்றுப் படுகையில் இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் ஊர்கள் தோல்தொழிலால் ஒன்றுபட்டவை. 2019 நவம்பர் 28 அன்று வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. பேரணாம்பட்டு வேலூரிலும், ஆம்பூர் திருப்பத்தூரிலும், மேல்விசாரம் இராணிப்பேட்டையிலும் அமைந்தன. நான்கு திங்கள் நிறையுமுன், 2020 மார்ச் 25இல், நாடெங்கும் ஊரடங்கு வந்தது. புதிதாய் வரைந்த எல்லைக்கோடு சோதனைச் சாவடியாயிற்று. சூன் இறுதி முதல் ஆகஸ்டு முடிய மாவட்டங்கடக்க இ-பாஸ் வேண்டியிருந்தது. தோல் காத்திராது, சுண்ணாம்புத் தொட்டியில் இட்டதை உரிய நாளில் எடுக்காவிடிற் கெடும். ஆதலின் முழு அடைப்பு இத்தொழிலுக்கு இயலாததாயிற்று. எவர் தொழிலாளி, எவர் வெறுமனே செல்பவர் எனச் சாலையில் முடிவு செய்தவர் கீழ்நிலைக் காவலரே. வேலூர் நகரிலோ, கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து திரும்ப இயலாது நின்ற வடநாட்டு நோயாளிகளும் உறவினரும் பலர். அவ்வாண்டு மே மாதம் காட்பாடியிலிருந்து சிறப்புத் தொடர்வண்டிகள் சென்றபொழுது அக்கூட்டத்தை ஒழுங்கு செய்ததும் காவற்பணியாகவே அமைந்தது.

ஏப்ரல் இறுதியில், சைனகுண்டாவிலும் பொன்னையிலும் ஆந்திர எல்லைச் சாலைகளின் குறுக்கே மாவட்ட நிருவாகம் சுவரெழுப்பி, எதிர்ப்புத் தோன்றவே இடித்தது. விந்தையான இச்செயலை நகைத்து விடுதல் எளிது. சுவருக்குச் சோர்வில்லை. ஆயின் அது மருந்து வண்டியையும் ஏனையவற்றையும் பிரித்தறியாது. அப்பணி மீளவும் மனிதரிடமே வந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை நோயாகக் கொள்ளாது, தொழில்சார் நிலையாக வகுத்தது. ஆற்றல் வறட்சி, பணியின்பால் வெறுப்பு, பயன்குன்றல் என்னும் மூன்றும் அதன் இயல்புகள். இவற்றுள் நடுவிலுள்ளதே பொதுமக்களைத் தாக்குவது. 2020 சூலை 12, முழு ஊரடங்கு ஞாயிறு. அன்று ஆம்பூரில் இருசக்கர வண்டியைக் காவலர் கைப்பற்ற, இளைஞர் ஒருவர் தீக்குளித்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலிற் பட்ட அடியால் இறந்திருந்தனர். ஆம்பூர்க்கோ 2015ஆம் ஆண்டுக் கலவரத்தின் நினைவும் இருந்தது. அதில் காவலர் பலர் காயமுற்றனர். சோர்வு கொடுமைக்கு விலக்காகாது என்பது என் துணிபு. ஆயினும் இரு நிகழ்ச்சிகளையும் தனியாள் குணக்கேடாக மட்டும் எழுதி முடிப்பது வரலாறாகாது. அத்துடன், தம் வழியே நோய் இல்லம் புகுமோ என்னும் அச்சமும் சேர்ந்தது. சூன் 17இல் சென்னை மாம்பலம் ஆய்வாளர் பாலமுரளி தொற்றால் இறந்த செய்தி எல்லா நிலையங்களிலும் படிக்கப்பட்டதே.

பெருந்தொற்றுக்கு முன்னரே பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்தோடு இணைந்து ‘காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி’ தமிழகத்தில் தொடங்கியிருந்தது. அது சொற்பயிற்சி, நேரம் தருவதன்று. 2021இல் காவலர்க்கும் தலைமைக் காவலர்க்கும் வாரத்தில் ஒருநாள் ஓய்வளிக்க ஆணை பிறந்தது. அவ்வாணையே பழைய விதியின் முதல் நெகிழ்வு என்பேன்.

இனி ஆய்வாளர்க்கு ஒரு வேண்டுகோள். காவல் நிலையந்தோறும் பொது நாட்குறிப்பில் காவலர் பணிக்குச் சென்றதும் மீண்டதும் பதிவாகும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, வேலூர் நிலையங்களின் 2020ஆம் ஆண்டு நாட்குறிப்புகளை ஒப்பிட்டால், எவர் எத்தனை மணி நேரம் நின்றார் என்பதை எண்ணிக் காணலாம். காலம் முடிந்த ஏடுகளை அழிப்பது அலுவலக வழக்கமாதலின், அவற்றைக் காக்குமாறு மாவட்டக் கண்காணிப்பாளர்க்கு எழுதுதல் உடனே செய்யவேண்டியது.