தோற்றாலும் தொடமாட்டோம்

விளையாட்டில் என்ன நிறம், என்ன பிறப்பு, திறமை இருந்தா போதாதா என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதிலாக ஒரு அணியின் கதையைச் சொல்லலாம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் தொழில்முறைக் கால்பந்து அணி. ஆண்டு 1962.

அமெரிக்கக் கால்பந்து நாம் ஆடும் கால்பந்து இல்லை. நீள்முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, முட்டி மோதி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி. உடம்பு மேல் உடம்பு விழாமல் இந்த ஆட்டமே கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தேசியக் கால்பந்து லீக் 1920இல் தொடங்கியபோது கறுப்பர்கள் சிலர் ஆடினார்கள். 1933க்குப் பிறகு ஒருவரும் இல்லை. 1934 முதல் 1945 வரை பன்னிரண்டு ஆண்டுகள், ஒரே ஒரு கறுப்பர்கூட இல்லை. இதற்கு எழுதி வைத்த விதி எதுவும் இருந்ததில்லை. எழுதாமலே நடத்திக்காட்டுவதுதானே ஆதிக்கத்தின் பழக்கம்!

1946இல் இது உடைந்தது. முதலாளிகளின் மனம் மாறியதால் அல்ல. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்த ராம்ஸ் அணி அங்கிருந்த பொது அரங்கத்தில் ஆட அனுமதி கேட்டது. ஊர்க் காசில் கட்டிய அரங்கத்தில் எங்க ஆளுக்கு இடமில்லையா என்று கறுப்பர் பத்திரிகையாளர்கள் மடக்கினார்கள். வேறு வழியில்லாமல் கென்னி வாஷிங்டன், வுடி ஸ்ட்ரோட் என்ற இருவரை அணி சேர்த்துக்கொண்டது. அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் மற்ற அணிகளும் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்தன. திறக்காமல் நின்றது ஒன்றே ஒன்று: வாஷிங்டன்.

அணியின் முதலாளி ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல், சலவை நிலையங்கள் நடத்திப் பணம் சேர்த்தவர். அணிக்கு அவர் வைத்திருந்த பெயர் 'ரெட்ஸ்கின்ஸ்'. செந்தோலர் என்று பொருள். அந்த மண்ணின் பூர்வகுடிகளை இழிவாகக் குறிக்கும் சொல். ஒரு மக்களின் இழிபெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு, இன்னொரு மக்களைச் சட்டையைத் தொடவிடாமல் நிறுத்தினார்கள். தென்மாநிலங்களில் என் அணிக்குத்தான் ரசிகர்கள், தொலைக்காட்சியில் பார்ப்பவர்களும் அவர்களே, அவர்கள் மனம் கோணக்கூடாது என்று மார்ஷல் வியாபாரக் கணக்குச் சொன்னார்.

அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது? 1960இல் 12 ஆட்டங்களில் ஒரு வெற்றி. 1961இல் 14 ஆட்டங்களில் ஒரு வெற்றி. இரண்டு ஆண்டுகளில் 21 தோல்வி. கிளீவ்லாந்தின் ஜிம் பிரவுன் போன்ற கறுப்பு வீரர்கள் வாஷிங்டனின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி குவித்துக்கொண்டிருந்தார்கள். 'வாஷிங்டன் போஸ்ட்' ஏட்டின் ஷர்லி பொவிச், இந்த அணியில் சேரப் பிறப்பிலேயே தகுதியற்றவர் அதன் கோட்டை மட்டும் தாண்டிவிட்டார் என்ற பொருள்பட நையாண்டி செய்தார். தகுதி, திறமை என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தகுதி கண்முன்னால் ஓடுகிறது. எடுத்துக்கொண்டால் வெற்றி. எடுக்கமாட்டேன் என்கிறார். தோற்றாலும் பரவாயில்லை, தொடமாட்டேன் என்பதுதான் இதற்குப் பொருள்.

1961இல் வாஷிங்டனில் புதிய அரங்கம் எழும்பியது. மார்ஷல் 30 ஆண்டுக் குத்தகை எழுதி வாங்கியிருந்தார். ஆனால் நிலம் மத்திய அரசுடையது, உள்துறைப் பொறுப்பிலிருந்த பூங்கா நிலம். கென்னடி அரசில் அந்தத் துறையின் செயலாளர் ஸ்டூவர்ட் யூடால். அரசு நிலத்தில் ஆள் சேர்ப்பதில் நிறம் பார்க்கக் கூடாது, பார்த்தால் அரங்கம் இல்லை என்று மார்ச் மாதம் அவர் எச்சரித்தார். கறுப்பர் அமைப்புகள் மறியல் செய்தன. அமெரிக்க நாஜிக் கட்சிக்காரர்கள் அணியை வெள்ளையாகவே வைத்திரு என்று அட்டை பிடித்து மார்ஷலுக்கு ஆதரவாக நின்றார்கள். யார் யார் பக்கம் நின்றார்கள் என்பதைப் பார்த்தாலே பாதி வரலாறு விளங்கிவிடும்.

கடைசியில் ஒரு சமரசம். 1961இல் பழையபடி வெள்ளை அணியே ஆடும், அடுத்த ஆண்டு கறுப்பரைச் சேர்க்க வேண்டும். கடைசி இடத்தில் கிடக்கும் அணிக்குத்தான் புது வீரர்களில் முதல் தேர்வு என்பது லீக்கின் முறை. அப்படி வாஷிங்டன் தேர்ந்தெடுத்தது எர்னி டேவிஸை, கல்லூரி ஆட்டத்தின் உயர்ந்த விருதான ஹைஸ்மனைப் பெற்ற முதல் கறுப்பரை. எடுத்த கையோடு அவரைக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்துவிட்டு, பாபி மிட்செல், லெராய் ஜாக்சன் இருவரையும் வாங்கிக்கொண்டார்கள். டேவிஸ் தொழில்முறையில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இரத்தப் புற்றுநோயால் 1963 மே மாதம், 23 வயதில் இறந்துபோனார்.

1962 பருவத்தில் வாஷிங்டன் அணியில் நான்கு கறுப்பர்கள்: மிட்செல், ஜாக்சன், ஜான் நிஸ்பி, ரான் ஹாட்சர். செப்டம்பர் 16, டல்லாஸில் முதல் ஆட்டம். எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து 92 கஜம் ஓடிக் கோட்டைத் தாண்டினார் மிட்செல். அன்று மட்டும் மூன்று டச் டவுன். ஆட்டம் 35-35 சமன். அடுத்த வாரம், தன்னைக் கைமாற்றிவிட்ட கிளீவ்லாந்துக்கு எதிராக, முடியும் தறுவாயில் அவர் எடுத்த புள்ளிகளால் 17-16 வெற்றி. முதல் ஆறு ஆட்டங்களில் ஒரு தோல்வியும் இல்லை! பிற்பாதியில் அணி சறுக்கியது. முடிவில் 5 வெற்றி, 7 தோல்வி, 2 சமன். மிட்செல் பிடித்த பந்துகள் 72, கடந்த தூரம் 1,384 கஜம். இரண்டிலும் லீக்கிலேயே முதலிடம்.

இதோடு கதை சுபம் என்று எழுதிவிடலாம். அப்படித்தான் பலர் எழுதுகிறார்கள். ஆனால் களத்தில் கைதட்டிய ஊர், உணவகத்தில் அவருக்கு இடம் தரவில்லை. வரவேற்பு விருந்தொன்றில் அடிமை மாநிலங்களின் புகழ்பாடும் 'டிக்ஸி' பாட்டை இசைத்தபோது, நீயும் பாடு என்று மார்ஷல் தன்னிடம் சொன்னதாக மிட்செல் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஆட்டம் ஓய்ந்தபின் அதே அணியின் அலுவலகத்தில் 2003 வரை உழைத்தார். துணைப் பொது மேலாளர் வரை உயர்ந்தார். பொது மேலாளர் நாற்காலி மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. களத்தில் ஓட விட்டவர்கள் நாற்காலியில் உட்காரவிடவில்லை.

மார்ஷல் 1963இலேயே லீக்கின் புகழ் மண்டபத்தில் ஏறிவிட்டார். மிட்செல் ஏறியது 1983இல். 1969இல் செத்தபோதும் மார்ஷல் விடவில்லை. ஏழைக் குழந்தைகளுக்கு விட்டுப்போன பணத்தில் இன ஒருங்கிணைப்புக்கு ஒரு டாலரும் போகக்கூடாது என்று உயிலில் எழுதி வைத்தார்.

அதே அணிக்கு 1988 ஜனவரியில் சூப்பர் பவுல் வென்று தந்தவர் டக் வில்லியம்ஸ், அந்த இறுதி ஆட்டத்தில் அணியை நடத்திய முதல் கறுப்பு குவாட்டர்பேக். மிட்செல் 2020 ஏப்ரலில் இறந்தார். ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்கு எதிராகத் தெருக்கள் கொந்தளித்த அந்த ஜூனில் அரங்க வாசலிலிருந்த மார்ஷலின் நினைவுக்கல்லைப் பெயர்த்தெடுத்தார்கள். ஜூலையில் இழிபெயரும் போனது. பூர்வகுடிகள் பல பத்தாண்டுகள் போராடியும் அசையாத பெயர், விளம்பரம் தரும் கம்பெனிகள் கைவிரித்ததும் அசைந்தது.

1946இலும் 1961இலும் கதவைத் திறந்தது ஒரே கேள்விதான்: நிலம் யாருடையது, அதில் போட்ட காசு யாருடையது? மனம் மாறட்டும் என்று காத்திருந்தால் மார்ஷலின் மனம் உயில்வரைக்கும் மாறவில்லை. மிட்செல் அதுவரை காத்திருக்கவில்லை. பந்தைப் பிடித்தார், 92 கஜம் ஓடினார்.