செயின்ட் ஷாட்ஸுக்கு ஓகஸ்ட்டில்

நியூஃபவுண்ட்லாந்துக்குப் போக ஜூன், ஜூலைதான் நல்ல காலம் என்பார்கள். பனிப்பாறைகளின் கடைசிப் பருவம் அது. திமிங்கிலங்கள் கரையோரம் வரும், பஃபின் பறவைகள் கூட்டில் இருக்கும். நான் குறித்திருப்பது ஓகஸ்ட் 11. இடம், செயின்ட் ஜோன்ஸிலிருந்து தெற்கே ஏறக்குறைய இரண்டு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் செயின்ட் ஷாட்ஸ். நூறு பேர்கூட இல்லாத மீனவர் ஊர்.

1986இல் அதே நாளில், அந்த ஊருக்கு அப்பால், மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றில் 155 ஈழத்தமிழர். முதலில் கண்டவர் 'அட்லாண்டிக் ரீப்பர்' மீன்பிடிப் படகின் தலைவர் கஸ் டால்ட்டன். மற்றப் படகுகளும் உதவிக்கு வந்தன. யார், எங்கிருந்து, கையில் என்ன கடதாசி என்ற கேள்விகளெல்லாம் கரைக்கு வந்த பிறகுதான்.

கரையில் அவர்கள் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். சில நாட்களில் உண்மை வெளிவந்தது: மேற்கு ஜேர்மனியில் 'ஒரிகே' என்ற கப்பலில் ஏறியவர்கள், நடுக்கடலில் படகுகளில் இறக்கிவிடப்பட்டவர்கள். நாட்டில் பலருக்குக் கோபம். எனக்கு அந்தப் பொய் விளங்காத ஒன்றல்ல. ஜேர்மனி என்று சொன்னால் ஜேர்மனிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சாமல் இருக்க முடியுமா? அரசு ஓராண்டு அனுமதி கொடுத்துத் தங்கவிட்டது.

"அங்கே பார்க்க என்ன இருக்கு, அப்பா?" என்று மகள் கேட்கிறாள். நடந்தது கடலில், கரையிலிருந்து அந்த இடம் தெரியாது. ஆனால் ஊருக்கும் சொந்தக் கதை உண்டு. 1992 ஜூலை 2இல் கொட் மீன்பிடியைக் கனடா அரசு நிறுத்தியது. இரண்டு ஆண்டுகளுக்கு என்று சொன்ன தடை 2024 வரை நீண்டது. மாகாணத்தில் ஏறக்குறைய 30,000 பேருக்கு வேலை போயிற்று. இந்தக் கரையோர ஊர்களின் பிள்ளைகள் அல்பேர்ட்டாவுக்கும் ரொறன்ரோவுக்கும் பிழைக்கப் போனார்கள். ரொறன்ரோவில் நம்மவர்கள் வீடு வாங்கத் தொடங்கியிருந்த காலம் அது.

போகும்போது, பக்கத்தில் மிஸ்டேக்கன் பொயின்ற்றையும் பார்க்கலாம். 56 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான உயிர்ச்சுவடுகள், 2016இலிருந்து உலக மரபுரிமைச் சின்னம். வழிகாட்டியோடுதான் விடுவார்கள், முன்பதிவு வேண்டும். அதை மகள் செய்துவிட்டாள். மழைச்சட்டை என் பொறுப்பு. அன்று பனி மூடினாலும் நாளை மாற்றப்போவதில்லை.