பொதுத் தரவுக்கு ஒரு பொறுப்பாளர்: தரவுத்தள நிர்வாகத் தொழிலின் வரலாறு

தரவுத்தள நிர்வாகி எனும் பதவி கணினியோடு கூடப் பிறந்ததன்று. கணினிகள் வணிக நிறுவனங்களுக்குள் நுழைந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பிறகே, 1960களின் இறுதியில், அப்படியோர் ஆள் வேண்டும் என்பதை அமெரிக்கப் பெருநிறுவனங்கள் உணரத் தொடங்கின. அதுவரை தரவு, அதைப் பயன்படுத்திய நிரலின் சொத்தாகவே கருதப்பட்டது. சம்பளப் பட்டியல் தயாரிக்கும் நிரலுக்கு ஒரு காந்த நாடா, ஓய்வூதியக் கணக்குக்கு வேறொரு நாடா என்றிருந்ததால், ஒரே ஊழியரின் பெயரும் முகவரியும் நாடாவுக்கு நாடா மாறுபட்டுக் கிடப்பது சாதாரணமாக இருந்தது. நாடாக்களை அடுக்கி வைத்து, கேட்டபோது எடுத்துக் கொடுத்து, திரும்பியதும் குறித்துக்கொள்ளும் நாடா நூலகர் ஒருவர் கணினி மையங்களில் இருந்தாரேயொழிய, அவற்றுக்குள் இருந்த விவரங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கேட்கும் அதிகாரம் எவரிடமும் இல்லை.

இந்நிலையை மாற்றியது வட்டு நினைவகம். 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் கணினியின் வட்டகம், ஐம்பது தட்டுகளில் ஐம்பது லட்சம் எழுத்துகளைத் தாங்கியது. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது ஈடாகும் என்றாலும், நாடாவைத் தொடக்கத்திலிருந்து ஓடவிடாமல் வேண்டிய பதிவை நேரே சென்று எடுக்கலாம் என்பதால், ஒரே சேமிப்பைப் பல நிரல்கள் பகிர்ந்துகொள்ள வழி பிறந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லஸ் பாக்மன் 1960களின் முற்பகுதியில் உருவாக்கிய ஐ.டி.எஸ். எனும் மென்பொருள் அந்த வழியில் முதலில் சென்றது. அது பதிவுகளைச் சங்கிலிபோலச் சுட்டிகளால் கோத்து வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நிரலர் நடந்து செல்ல உதவியது. அப்பல்லோ விண்வெளித் திட்டத்தின் எண்ணற்ற உதிரிபாகங்களைக் கணக்கில் வைப்பதற்காக, நார்த் அமெரிக்கன் ராக்வெல், கேட்டர்பில்லர் ஆகிய நிறுவனங்களோடு சேர்ந்து ஐ.பி.எம். உருவாக்கிய ஐ.எம்.எஸ்., 1968 ஆகஸ்ட் 14 அன்று கலிஃபோர்னியாவின் டௌனி நகரில் தான் தயார் என்ற செய்தியை முதன்முதலாக ஒரு முனையத்தில் அச்சிட்டது.

புதிய தொழிலுக்கான தேவை ஐ.எம்.எஸ்.ஸின் அமைப்பிலேயே பொதிந்திருந்தது. அதில் தரவு கிளைவிட்டு இறங்கும் மரமாக அமைந்திருந்தது. எந்தப் பகுதி எதன்கீழ் வரும், வட்டில் எந்த முறையில் படியும் என்பவற்றை ஒரு விவரண ஏட்டில் எழுத வேண்டும். எந்த நிரல் எந்தப் பகுதிகளைப் பார்க்கலாம், எவற்றைத் திருத்தலாம் என்பதை மற்றோர் ஏட்டில் எழுத வேண்டும். இவற்றை நிரலர்கள் தத்தம் விருப்பப்படி எழுதினால் ஒருவர் வேலை மற்றவர் வேலையைக் கெடுக்கும். மரத்தின் அமைப்பை மாற்றுவதென்றால் தரவு முழுவதையும் வெளியே இறக்கி, புதிய அமைப்பில் மீண்டும் ஏற்ற வேண்டியிருந்ததால், ஒரு துறையின் அவசரத்துக்காக மற்றத் துறைகள் அனைத்தும் காத்திருக்க நேர்ந்தது. எந்தத் துறையையும் சாராமல், எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக நின்று இம்முடிவுகளை எடுப்பவர் தவிர்க்க முடியாதவரானார். இப்பதவியின் வேர் தொழில்நுட்ப நுணுக்கத்தில் இருப்பதாகப் பலர் கருதினாலும், பலர் பங்கிடும் பொருளுக்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டும் என்ற நிர்வாகத் தேவையே அதன் உண்மையான வேர்.

பதவிக்கு எழுத்து வடிவம் தந்தவை குழுக்களின் அறிக்கைகள். ஐ.பி.எம். கணினிப் பயனர்களின் சங்கங்களான கைடும் ஷேரும் இணைந்து 1970இல் வெளியிட்ட தேவைகள் அறிக்கையும், கோபால் மொழியை வளர்த்த கோடாசில் அமைப்பின் தரவுத்தளப் பணிக்குழு 1971இல் வெளியிட்ட அறிக்கையும், தரவின் ஒட்டுமொத்த வரைவை வகுக்கும் பொறுப்பை நிரலரிடமிருந்து பிரித்து வைத்தன. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் ஸ்பார்க் குழு 1975இல் அளித்த இடைக்கால அறிக்கை மேலும் ஒருபடி சென்று, நிறுவனம் தன் தகவலை எப்படிப் புரிந்துகொள்கிறது, ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் அது எப்படித் தெரிகிறது, வட்டில் அது எப்படி உறைகிறது என்று மூன்று தளங்களாகத் தரவைப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிர்வாகியை எண்ணியது. அந்த மூன்று ஆசனங்களையும் நிரப்பிய நிறுவனங்கள் அரிது. நடைமுறையில் மூன்று வேலைகளும் ஒருவர் தலையில் விழுந்தன. அவற்றுள் வட்டு நிரம்பியதா, கணினி நின்றதா என்ற மூன்றாம் தளத்து வேலையே அவசரமானது என்பதால், முதல் தளத்துச் சிந்தனைக்கு நேரம் கிடைக்காமல் போனது. இக்குறை நெடுங்காலம் இத்தொழிலை விட்டு நீங்கவில்லை.

இதற்கிடையே 1970 ஜூனில், இங்கிலாந்தில் பிறந்து ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட், தரவை எளிய அட்டவணைகளாக மட்டுமே பயனருக்குக் காட்ட வேண்டும், சுட்டிகளும் பாதைகளும் அவர் கண்ணில் படவே கூடாது என்ற கருத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். 1973இல் டூரிங் விருது பெற்ற பாக்மன், தம் விருதுரையில் நிரலரைத் தரவுக் கடலில் வழிகாணும் மாலுமியாகச் சித்திரித்தார். காட்டின் முறையில் அந்த மாலுமிக்கு வேலையே இல்லை. 1974இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் இருவரும் நேருக்கு நேர் வாதிட்டனர். வாதம் அன்று முடியவில்லை. சிஸ்டம் ஆர் என்ற ஐ.பி.எம். சோதனைத் திட்டமும், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இங்க்ரெஸ் திட்டமும் அட்டவணை முறை வேகமாகவும் இயங்கும் என்று காட்டிய பிறகே முடிந்தது. டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் வடிவமைத்த வினவல் மொழி, பின்னாளில் எஸ்.க்யூ.எல். என்று உலகெங்கும் பரவியது. என்ன வேண்டும் என்று பயனர் கேட்க, எந்த வழியில் எடுப்பது மலிவு என்பதை மென்பொருளே கணக்கிடும் முறையைப் பெட்ரீஷியா செலிங்கரும் அவர் குழுவினரும் 1979இல் விளக்கினர்.

பாதை காணும் வேலை எந்திரத்திடம் போனதால் நிர்வாகியின் வேலை குறைந்துவிடவில்லை, இடம் மாறியது. எந்தப் பத்திக்கு இண்டெக்ஸ், அதாவது நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் போன்ற துணைப் பட்டியல், அமைக்க வேண்டும் என்பதும், எந்திரத்தின் கணக்கு தப்பாமலிருக்கப் புள்ளிவிவரங்களை எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதும் புதிய தேர்ச்சிகளாயின. 1977இல் லாரி எல்லிசனும் பாப் மைனரும் எட் ஓட்ஸும் தொடங்கிய சிறு நிறுவனம் 1979இல் ஆரக்கிள் எனும் தரவுத்தள மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதல் பதிப்பை எவரும் வாங்கத் துணியமாட்டார்கள் என்று எண்ணி அதற்கு இரண்டாம் பதிப்பு என்றே பெயரிட்டார்கள். ப்ரூஸ் ஸ்காட் என்ற தொடக்ககாலப் பொறியாளரின் பெயரும், டைகர் என்ற பூனையின் பெயரும் முறையே பயனர் பெயராகவும் கடவுச்சொல்லாகவும் அமைந்த மாதிரிக் கணக்கு, பிற்காலத்தில் எத்தனையோ நிறுவனங்களின் உண்மையான தரவுத்தளங்களிலும் நீக்கப்படாமல் கிடந்ததும், அதைத் தேடிப் பூட்டுவது நிர்வாகியின் முதல் நாள் வேலைகளுள் ஒன்றானதும் இத்தொழிலின் வேடிக்கைகளுள் ஒன்று.

1990கள் இத்தொழிலின் செழிப்பான காலம். யூனிக்ஸ் கணினிகளில் ஓடிய ஆரக்கிளுக்கு நூற்றுக்கணக்கான அளவுருக்களைக் கையால் அமைக்க வேண்டியிருந்தது. அவற்றை அறிந்தவருக்கு நல்ல ஊதியம் கிடைத்தது. சான்றிதழ்த் தேர்வுகளும் அவற்றுக்கான பயிற்சி மையங்களும் பெருகின. ஆண்டை ஈரிலக்கத்தில் மட்டும் குறித்ததால் எழுந்த 2000ஆம் ஆண்டுச் சிக்கலைத் தீர்க்க அமெரிக்க நிறுவனங்கள் இந்தியப் பொறியாளர்களை நாடியதும், அமெரிக்காவின் இரவு இந்தியாவின் பகலாக இருந்ததும் சேர்ந்து, தொலைவிலுள்ள தரவுத்தளங்களைச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் பராமரிக்கும் வேலையைப் பெரிய துறையாக வளர்த்தன. ஆனால் அக்காலத்தின் அறிவில் பதரும் கலந்திருந்தது. கேட்ட தரவில் எத்தனை விழுக்காடு வட்டுக்குப் போகாமல் நினைவகத்திலேயே கிடைத்தது என்ற விகிதத்தை உயர்த்துவதே திறமை என்று நம்பப்பட்டது. மோசமாக எழுதிய வினவல் ஒன்று ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாலும் அந்த விகிதம் உயரும் என்பதை நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தவில்லை. நேரம் எங்கே கழிகிறது, எதற்காகக் காத்திருக்கிறது என்று அளப்பதே சரியான வழி என்பதை ஆரக்கிள் வல்லுநர்களான அன்யோ கோல்க், கேரி மில்சாப் முதலியோர் எடுத்துரைத்த பிறகே, பரம்பரை மருந்துச் சீட்டுகளை விட்டு நோயறியும் பழக்கத்துக்கு இத்துறை வந்தது.

வேகத்தைவிட மூத்த கடமை, மீட்டெடுப்பு. பாதிவழியில் மின்சாரம் நின்றாலும், ஒரு கணக்கிலிருந்து கழித்த தொகை மறுகணக்கில் சேராமல் தொங்கக் கூடாது. முழுமையாக நடக்க வேண்டும் அல்லது நடக்கவே இல்லாததுபோல் ஆக வேண்டும். பரிவர்த்தனை எனப்படும் இக்கருத்துக்கு உருக்கொடுத்தவர்களுள் முதன்மையானவர் ஜிம் கிரே. அதை நடைமுறையில் உறுதிசெய்யும் வழிகளுள் மிகுந்த செல்வாக்குப் பெற்ற ஏரீஸ் முறையை, சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் பயின்று ஐ.பி.எம். ஆய்வகத்தில் சேர்ந்த சி. மோகனும் அவருடைய சகாக்களும் 1992இல் முழு விளக்கத்துடன் வெளியிட்டனர். எந்த மாற்றமும் தரவுப் பக்கத்தில் எழுதப்படுமுன் குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும். வீழ்ச்சிக்குப் பின் எழும்போது, குறிப்பேட்டைப் படித்து நடந்தவை அனைத்தையும் அப்படியே மறுபடி நிகழ்த்திவிட்டு, முற்றுப்பெறாதவற்றை மட்டும் பின்னோக்கி அழிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

எந்திரம் இவ்வளவு கவனமாக இருந்தும் மனிதக் கை தவறும் என்பதை அதே கிரே 1985இல் எண்களால் காட்டினார். பழுதைத் தாங்கும் வகையில் கட்டப்பட்ட டாண்டம் கணினிகள் எதனால் நின்றன என்று அவர் ஆராய்ந்தபோது, வன்பொருள் 18 விழுக்காட்டுக்கும் மென்பொருள் 25 விழுக்காட்டுக்கும் காரணமாயிருக்க, இயக்குவோரின் செயல்களும் பராமரிப்பும் அமைப்பு மாற்றங்களும் அடங்கிய நிர்வாகமே 42 விழுக்காட்டுக்குக் காரணமாயிருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணைக் கணினியின் தரவுக் கோப்புறையை அழிப்பதாக எண்ணி முதன்மைக் கணினியில் அந்த ஆணையை இட்டார். சில நொடிகளில் உணர்ந்து நிறுத்தியும், ஏறத்தாழ 300 ஜிகாபைட் போய்விட்டது. நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய காப்புநகல், மென்பொருள் பதிப்பு ஒவ்வாததால் எடுக்கப்படாமலே இருந்ததும், அதைத் தெரிவிக்க வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்கள் பெறப்படாமல் திருப்பப்பட்டு வந்ததும் அப்போதுதான் வெளிப்பட்டன. சோதனைத் தேவைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்த ஒரு நகல் அவர்களைக் காத்தது. இடைப்பட்ட மாற்றங்கள் மீளவில்லை. நடந்தவற்றை மறைக்காமல் விரிவாக வெளியிட்டதற்காக அந்நிறுவனத்தைப் பாராட்ட வேண்டும். மீட்டுப் பார்க்காத காப்புநகலை நம்பாதே என்று ஒவ்வொரு பயிற்சி நூலும் சொல்வதன் பொருளை அவ்வறிக்கையைவிடத் தெளிவாக உணர்த்துவது வேறில்லை.

இத்தொழில் முடிந்தது என்ற அறிவிப்பு பலமுறை வந்துவிட்டது. 1998இல் மைக்ரோசாஃப்ட் தன் எஸ்.க்யூ.எல். சர்வரின் ஏழாம் பதிப்பு நினைவகத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் என்றது. ஆரக்கிளின் பத்தாம் பதிப்பு தன் மந்தத்தின் காரணத்தைத் தானே ஆராய்ந்து அறிக்கை தந்தது. 2009இல் அமேசான் தரவுத்தளத்தை, மேகச் சேவை எனப்படும் இணையவழி வாடகைச் சேவையாக்கியது. 2017இல் ஆரக்கிள் தானே இயங்கும் தரவுத்தளத்தை அறிவித்தது. ஒவ்வொரு முறையும் உண்மையிலேயே ஒரு தேர்ச்சி மதிப்பிழந்தது. வட்டுகளில் கோப்புகளைப் பரப்பி வைப்பதிலும் அளவுருக்களைத் திருகுவதிலும் மட்டும் வல்லவராயிருந்தோர் வேலை இழந்தனர் அல்லது மேலெழ முடியாமல் நின்றனர். தரவின் பொருளை அறிந்து அதன் வரைவை வகுக்கக் கற்றவர்களும், ஒன்றுக்கு மேற்பட்ட தரவுத்தள வகைகளைக் கையாளப் பழகியவர்களும் தரவுக் கட்டமைப்பாளர், மேகச் சேவைப் பொறியாளர் என்ற வேறு பெயர்களில் வளர்ந்தனர். 1975இன் அறிக்கை கனவு கண்ட முதல் தளத்து வேலைக்கு நேரம் கிடைத்தது, ஒருவகையில், தானியங்கிகளின் தயவால்தான்.

அண்மையில் சேர்ந்துள்ள தேர்ச்சி, அழித்தல். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியும், 2023இல் இந்தியா இயற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தன் விவரங்களை நீக்கக் கோரும் உரிமையைத் தனிநபருக்கு அளித்துள்ளன. எதையும் இழக்காதிருக்கவே அரை நூற்றாண்டாகப் பழகிய ஒரு தொழில், இப்போது காப்புநகலிலிருந்து மீட்கும்போது முன்பு நீக்கிய நபரின் பதிவு உயிர்த்தெழாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டியுள்ளது. எதை வைத்திருப்பது, எதை அழிப்பது, யாருக்குக் காட்டுவது என்ற முடிவுகள் மேகச் சேவை நிறுவனங்களின் பொறுப்புப் பகிர்வில் இன்றும் வாடிக்கையாளரின் பக்கத்திலேயே வைக்கப்பட்டுள்ளன.